எந்த நாட்டுக்காரி?

"நீ நல்லா டெக்னோ மியூசிக் வாசிக்கிறேன்னு தெரியும் ரஞ்சிதா. ஆனா நம்ம ஊரு டிஜேக்கு டிக்கெட் வாங்கிக்கிட்டு யாரு வருவா?" என்றார் விராலிமலை ரிசார்ட் முதலாளி அண்ணாமலை. "ஜெர்மனியிலேருந்து ஒருத்தர் வாரார். ஒனக்குத்தான் இங்கிலீஷ் வருமே, கூட நின்னு பேசிக் குடு."

மேடையாவது ஏறலாமே என்று ரஞ்சிதா ஒத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஜெர்மன்காரர் கூட்டத்தை ஆட்டிப் படைத்துவிட்டார். அவர் கடைசியாகப் போட்ட இசைக்கு அண்ணாமலையே கையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்.

"இது யாரு பண்ணினதுன்னு கேளும்மா!"

ரஞ்சிதா கேட்டுச் சொன்னாள். "யாரோ ஒரு பொண்ணாம் சார். புனைபேருல இன்டர்நெட்ல போடுதாம். மொகமே காட்டுனதில்லையாம். இவரு ஜெர்மனியில அதுக்குப் பெரிய கூட்டமே இருக்காம்."

"அடேயப்பா! அடுத்த வருஷம் அந்தப் பொண்ணையே வரவழைச்சிருவோம். எந்த நாடாம்?"

ரஞ்சிதா ஜெர்மன்காரரைக் கேட்காமலே பதில் சொன்னாள்.

"நம்ம குளத்தூர்தான் சார்."

அண்ணாமலையின் முகம் சட்டென்று தொங்கிப்போனது.

"குளத்தூரா? அப்ப வேணாம், விடு."

அந்த இசையைச் செய்தவள் தான்தான் என்று சொல்ல வந்த ரஞ்சிதா, ஜெர்மன்காரருக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.