அவன் தோற்ற வழக்கு

அவன் எழுந்து நின்றாலே எனக்கு வயிறு எரியும். தொழிலில் என்னைவிட இளையவன். ஆனால் அந்த நாள்வரை ஒரு வழக்கில்கூடத் தோற்றதில்லை.

அன்று வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்தில் வாதாடினான். வாய்தாவுக்குப் போகாமல் கேஸைக் கோட்டைவிட்டதாக ஒரு வக்கீல் மேல் அவருடைய கட்சிக்காரர் கொடுத்த புகார். உறுப்பினர்கள் மூவரும் அவன் பேசப் பேசப் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினார்கள். பின்வரிசையில் என் மனைவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாதாடுவதைக் கேட்க அவள் ஒருநாளும் வந்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் குனிந்தான்.

"அண்ணே, இந்த மூணு பேர்ல யாராவது புகார் கொடுத்தவருக்குச் சொந்தமா? இருந்தா இப்பவே ஆட்சேபணை சொல்லி விசாரணையையே நிறுத்திடலாம்."

இடது ஓரத்தில் இருப்பவர் அந்த ஆளின் சம்பந்தி. எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் இதிலும் ஜெயித்துவிடுவானே!

"அப்படியெல்லாம் யாரும் இல்லப்பா" என்றேன்.

தீர்ப்பு வந்தது. தோற்றான். அவன் முகம் தொங்கிப்போனதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க மேல வந்த புகார் நிரூபணமாயிடுச்சு. ரெண்டு வருஷம் எந்தக் கோர்ட்டுலயும் வாதாடக் கூடாது. கவுனைக் கழட்டிடுங்க."

அவனையே வக்கீலாக வைக்கச் சொல்லி அடம்பிடித்த என் மனைவி விம்மினாள். நான் கவுனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவன்தான் கழற்றிவிட்டான்.

"மன்னிச்சிடுங்கண்ணே, உங்களைக் காப்பாத்த முடியல."

கவுனை மடித்தும் கொடுத்தான். படுபாவி, அதையும் என்னைவிட நேர்த்தியாக மடித்திருந்தான்.