சுவாமி பூசின திருநீறு

இத்தாலியின் பலெர்மோ நகரிலுள்ள அந்தப் பழைய பெனடிக்டைன் மடத்தில் இப்போது துறவிகள் இல்லை. திருச்சபை இரண்டாகப் பிளந்த காலத்து மடாதிபதி ஒருவர் மட்டும், கறுத்த அங்கியோடு மூன்று விரல் உயர்த்தி ஆசீர்வதித்தபடி, ஓவியமாக நிற்கிறார். அங்கே துப்புரவு செய்யும் குகனேஸ்வரி, ஏழு வருடமாக அவர் படச்சட்டத்தில் ஒரு சிட்டிகை திருநீறு வைக்கிறாள். ஊரில் பாதிரியாரையும் சுவாமி என்றுதானே சொல்வார்கள். சுவாமிக்கு நீறு வைக்காமல் வேறென்ன வைப்பது?

இன்று, புதிதாக வேலைக்கு வந்த துசானி நீறு பூசிய நெற்றியோடு எதிரே வந்தாள்.

“ஆர் பூசினது?”

“கறுத்த அங்கி போட்ட ஒரு சுவாமியார், அக்கா. குனியச் சொல்லிப் பூசிவிட்டவர்.”

குகனேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். ஓவியத்தில் ஆசீர்வதிக்க உயர்ந்திருந்த அந்த மூன்று விரல்களிலும் நீறு ஒட்டியிருந்தது.

“வைச்சது நானெல்லோ!” என்று நெற்றியை அவற்றில் அழுத்தினாள்.

நிமிர்ந்தபோது விரல்கள் மடங்கியிருந்தன.