அவர் என்ன சொன்னார்

கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்து ஏதோ சொன்னார்.

அவளுக்குப் புரியவில்லை. "சீ" என்றாள்.

அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு சீ. வந்த புதிதில் பெரியவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லக் கூசியது. இப்போது புரியாத எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

அவர் மறுபடியும் சொன்னார். இந்த முறை நீளமாக. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஸ்பானிஷ் அவள் காதில் எப்போதும் அப்படித்தான் விழும்.

"சீ, சீ."

காரைக்குடியிலிருந்து ஸ்பெயினுக்கு மொழி படிக்க வந்தவள். பெயர் மெய்யம்மை. இந்த வீட்டில் மேயா. காலையில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் இவர்களோடு. ஒரு குடும்பத்தோடு தங்கினால் பேச்சு தானாக வந்துவிடும் என்று சொல்லித்தான் பள்ளியில் இங்கே அனுப்பினார்கள்.

வந்தது. ஒரே மாதிரிப் பேச்சு.

"மேயா, அந்த மனுஷன்கிட்ட சொல்லு, சூப்பு ஆறுது." சமையலறையிலிருந்து ரெமெதியோஸ் அம்மாள்.

"மேயா, அவகிட்ட சொல்லு, உப்பு பத்தலை." கூடத்து மேசையிலிருந்து அவர் கணவர், இந்தக் கிழவர் ஃபெர்மின்.

நடுவில் கதவுகூடக் கிடையாது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் அவள் எழுந்து போய்ச் சொன்னால்தான் அது செல்லும். உப்பு, மாத்திரை, சாவி, மழை வரும் போலிருப்பது, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போய்வந்தன. தப்பாகச் சொன்னால் இருவரும் தனித்தனியாகத் திருத்துவார்கள்.

எப்போதிலிருந்து பேசிக்கொள்வதில்லை, ஏன் பேசிக்கொள்வதில்லை என்று கேட்கும் அளவுக்கு அவளிடம் மொழி இல்லை.

கிழவரின் சட்டைகள் மட்டும் இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கும். சந்தையிலிருந்து அவர் வாங்கிவந்த செர்ரிப் பழங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கும்.

அதற்கெல்லாம் அவள் தேவைப்படவில்லை.

அன்று ரெமெதியோஸ் ரொட்டி வாங்கப் போயிருந்தார். மேசையில் இவளும் கிழவரும் மட்டும்.

மூன்றாம் முறை சொன்னபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இடக்கையால். வலக்கை மடியில் சும்மா கிடந்தது.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள்.

வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சூப்பு மோவாயில் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அது ஸ்பானிஷே இல்லை.

படியிறங்கி ஓடினாள். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். உதவி, டாக்டர், ஆம்புலன்ஸ், சீக்கிரம். எல்லாம் வகுப்பில் படித்த சொற்கள்தான். ஒன்றுகூட வரவில்லை. கதவைத் திறந்த ஆளிடம், "ஐயோ, வாங்களேன், மேல வாங்களேன்" என்று தமிழில் கத்தினாள். கேட்டுக்கொண்டு நின்றவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்போது ஆரம்பித்தது? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? கேள்விகள் புரிந்தன. பதில்தான் வாயில் வரவில்லை. கடிகாரத்தைக் காட்டினாள். மேசையைக் காட்டினாள். கடைசியில் தன்னையே காட்டினாள்.

ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது ரெமெதியோஸ் ரொட்டிப் பையோடு படியேறி வந்துகொண்டிருந்தார். சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். வேறு யாரையோ கொண்டுபோகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அந்தப் பை அவர் கையிலேயே இருந்தது.

டாக்டர் வந்தார். அந்த அம்மாளிடம் வேகமாகவும், இவளைப் பார்த்து நிறுத்தி நிறுத்தியும் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு போய்விட்டது. திரும்ப வருமா என்று சொல்ல முடியாது.

ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரிந்தது.

டாக்டர் போனதும் ரெமெதியோஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"உங்கிட்ட என்ன சொன்னார்?"

அவள் ரொட்டிப் பையைப் பார்த்தாள்.

"மேசையில. ஏதாவது சொல்லியிருப்பாரே. எங்கிட்ட சொல்லச் சொல்லி."

சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். இவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

உங்களைத்தான் கேட்டார் என்று சொல்லிவிடலாம். அதற்கு வேண்டிய சொற்கள் அவளிடம் இருந்தன. இலக்கணப் பிழைகூட வராது. இல்லையென்று மறுக்க இனி யாரும் இல்லை.

அந்த அம்மாளின் கண்கள் அவள் உதடுகளை விட்டு நகரவில்லை.

"எனக்குப் புரியலை" என்றாள். "மன்னிச்சிருங்க. அவர் சொன்னது எனக்குப் புரியலை."

திட்டுவார் என்று நினைத்தாள். அல்லது அழுவார் என்று.

ரெமெதியோஸ் ரொட்டிப் பையை அவள் மடியில் வைத்தார். எழுந்தார். கவுனில் விழுந்திருந்த மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"சரி. நானே கேட்டுக்கறேன்."

உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.



பிறகு அந்த அம்மாளின் குரல் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி. பிறகு வேகமாக. நடுவில் ஒரு இடத்தில் சண்டை போல. பிறகு தணிந்து.

ஏதோ கேட்பார். நிறுத்துவார். ஒருவர் பதில் சொல்லி முடிக்கிற நேரம் விடுவார்.

அப்புறம், சரியென்று, அடுத்ததைக் கேட்பார்.