சத்தம் போடும் பேஜர்
தி. நகர்க் கடையில் குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சம். கண்ணாடி மேஜைமேல் மூன்று பேஜர்கள் கிடக்கின்றன. டியூஷனுக்குப் போகாமல் தோழியோடு கடற்கரைக்குப் போன டீனாவை நேற்று தெருவே பார்க்க அறைந்த அப்பா இக்னேஷியஸ், இனி அவளை எங்கிருந்தாலும் கூப்பிட ஒன்றைத் தேடுகிறார். "சத்தம் வராம அதிர்ற மாதிரியும் வெச்சுக்கலாம் சார்," என்கிறான் கடைக்காரன். "வேணாம்ப்பா. பக்கத்துல நிக்கறவனுக்கும் கேக்கணும்." டீனாவின் கன்னம் இன்னும் எரிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமையை அவள் நினைத்துக்கொள்கிறாள்: பூசையில் கோயிலே அமைதியாகக் கேட்க அப்பா பைபிள் வாசகம் வாசிப்பார். அவள் முதல் பெஞ்சில் இருப்பாள். தோழி கோயிலுக்கு எதிரே உள்ள டெலிபோன் பூத்திலிருந்து பேஜருக்குச் செய்தி அனுப்புவாள், ஒன்றல்ல, வரிசையாக. மேஜைமேல் இருக்கும் பேஜர்களை ஒவ்வொன்றாக அமுக்கிக் கேட்டுவிட்டு டீனா ஒன்றை அவர் பக்கம் தள்ளுகிறாள். "இதுதான் டாடி நல்லா கத்துது." "பாத்தியாப்பா, ஒரே அறைல புத்தி வந்துடுச்சு," என்று இக்னேஷியஸ் கடைக்காரனிடம் பெருமையாகச் சிரிக்கிறார்.