ஸ்பிரிங்கை இறக்கியது யார்?

"மூணாவது தடவை. இதே ஷாக் அப்சார்பருக்காக மூணாவது தடவை உன் வாசல்ல வந்து நிக்கறேன்."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் வண்டியை ஸ்டாண்டில் போட்ட வேகத்தில் அது ஒருமுறை ஆடி நின்றது. பின்சீட்டிலிருந்து இறங்கிய அவர் மனைவி, காய்கறிப் பையோடு ஒதுங்கி நின்றாள்.

மெக்கானிக் குனிந்து பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தார். அதன் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் அடிவளையம், இருப்பதிலேயே தளர்வான முதல் ஸ்டெப்பில் இருந்தது.

"போன வாரம் நீங்க பார்க்கத்தானே சார் நாலாவது ஸ்டெப்புக்கு ஏத்தினேன்?"

"ஏத்தினே. நாலே நாள்ல இறங்கிடுச்சு. ஒவ்வொரு பள்ளத்துலயும் டங்குன்னு இடுப்பு எலும்புல இடிக்குது. எண்பத்தாறு கிலோ ஆளுக்கு முதல் ஸ்டெப்பா? ஒல்லிப்பிச்சான் ஓட்டற வண்டியாய்யா இது?"

"தானா இறங்காது சார். ஸ்பேனர் போட்டுத் திருப்பினாத்தான் இறங்கும்."

"அப்போ என் வீட்டுல யாரு திருப்பறா, பேயா? இல்ல, இவளா? இவளுக்கு பெட்ரோல் மூடியையே திறக்கத் தெரியாது."

மெக்கானிக் ஏதோ சொல்ல வந்தார். அந்த அம்மாளை ஒரு தடவை பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார்.

"சரி சார். என் தப்புதான். ஏத்தித் தர்றேன்."

"ஒத்துக்கிட்டே இல்ல? இந்த ஷெட்டு சங்கத்து இடம். நாளைக்கே மீட்டிங்ல வைக்கறேன். ஒண்ணாந்தேதிக்குள்ள காலி பண்ணிடு. தொழில் தெரியாதவனுக்கெல்லாம் இடம் கொடுக்க நாங்க என்ன சத்திரமா நடத்தறோம்?"

"பதினொரு வருஷமா இங்கேதான் சார் பொழைக்கிறேன்."

"பதினொரு வருஷமா ஏமாத்தியிருக்கேன்னு சொல்லு."

மனைவி பையைத் தரையில் வைத்தாள்.

"அவரை விடுங்க. இறக்கினது நான்."

செயலாளர் சிரித்துவிட்டார். "நீயா?"

"மத்தியானம் நீங்க தூங்கறப்போ எடுத்துட்டுப் போய், பின்னாடி மைதானத்துல ஓட்டிப் பழகறேன். ஸ்பிரிங்கை இறக்கினா சீட்டு கொஞ்சம் தாழுது. அப்பத்தான் எனக்குக் கால் தரையில ஊணுது. இறக்க வருது, திருப்பி ஏத்தத்தான் கையில பலம் இல்லை. ஸ்பேனர் கொடுத்தது இவர்தான். வீட்டுல சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

மெக்கானிக் குனிந்து ஸ்பேனரை ஸ்பிரிங்கில் மாட்டினார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குடி வண்டி? எந்த ஊரைச் சுத்தப் போறே?" செயலாளரின் குரல் தெருவுக்கே கேட்டது.

அவள் குரல் உயரவில்லை.

"ஆறு மாசம் முன்னாடி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல சாஞ்சீங்களே, அன்னைக்கு இந்த வண்டி உங்க பக்கத்துலதான் நின்னுச்சு. சாவி என் கையில இருந்துச்சு. ஓட்டத் தெரியாம, நடுரோட்டுல நின்னு போற வர்ற வண்டியை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒன்பதாவது வண்டிதாங்க நின்னுச்சு."