பதினேழாவது அத்தியாயம்

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எழுத்தாளர் கேட்ட முதல் கேள்வி, "என் ரயில் எங்கே?"

ஸ்டுடியோவில் பிரிவ்யூ பார்க்க வந்திருந்த பத்திரிகைக்காரர்கள் பேனாவைத் திறந்தார்கள்.

அவர் நாவலின் உயிரே பதினேழாவது அத்தியாயம்தான். நூறு வருடத்துக்கு முந்தைய கதை. நாயகி ரயிலேறிப் போவாள். நாயகன் பிளாட்பாரத்தில் நிற்பான். படித்து அழாத வாசகர் இல்லை. படத்திலோ அவள் படகேறிப் போய்விட்டாள்.

டைரக்டர் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்று பெயர். அவர் மைக்கை வாங்கினார். "அந்த அத்தியாயத்தை ஐயா எழுதின மாதிரி எடுக்க எனக்குத் திறமை போதலை."

எழுத்தாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோபம் இருந்த இடத்தில் பெருமை வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. எழுத்துக்கு முன்னால் சினிமா எம்மாத்திரம் என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்துவிட்டு வெளியே வந்தார்.

கார் வரை கூட வந்தவள் படத்தின் ஆர்ட் டைரக்டர். கட்டடத்தின் பின்பக்கம் திரும்பியதும் அவர் நின்றுவிட்டார்.

எதிரே முழுசாக ஒரு ரயில் நிலையம். அவர் எழுதிய அதே பெஞ்ச், அதே மணி, கண்ணாடியில் விரிசல் விட்ட அதே கடிகாரம்.

"நான் போட்ட செட்டுங்க ஐயா. பிரிக்க மனசு வரலை." அவள் குரலிலும் பெருமை.

"இவ்வளவும் கட்டிட்டு ஏம்மா எடுக்கலை? உங்க ஆளுக்கு அவ்வளவு பயமா?"

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள். சாருக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக மழுப்பினாள். அவர் விடவில்லை. கேமராவைத் தூக்கியவனெல்லாம் டைரக்டர் ஆகிவிட முடியுமா என்று இன்னும் நாலு வார்த்தை நக்கலடித்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"செட்டெல்லாம் முடிஞ்சப்புறம், ஸ்டேஷன் போர்டு எப்படி இருந்ததுன்னு பார்க்க, பழைய ரயில்வே ரிக்கார்டைத் தேடிப் போனேங்க ஐயா. உங்க கதை நடக்கிற வருஷத்துல அந்த ஊருக்குத் தண்டவாளமே போடலை. ஒன்பது வருஷம் கழிச்சுத்தான் ரயில் வந்திருக்கு."

எழுத்தாளர் மெல்ல அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். இருபது பதிப்பு கண்ட நாவல். இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை.

"தப்பு நாவல்லதான்னு பத்திரிகைக்குச் சொல்லிடலாம்னு நாங்க எல்லாரும் கெஞ்சினோம். சார்தான் கேட்கலை. 'எனக்கு எடுக்கத் தெரியலைன்னே இருக்கட்டும், அந்தப் புத்தகம் தலைகுனியக் கூடாது'ன்னுட்டார்."