எங்கள் பக்கம் கோளாறு இல்லை

"லேப்டாப்பை எப்படி மூடுவீங்க?"

ஆய்வு மாணவிக்குக் கேள்வி புரியவில்லை. "எப்படின்னா... கையாலதான் சார்."

"மெதுவாவா, டப்புன்னா?"

"சாதாரணமா மூடுவேன்."

"சாதாரணமாக" என்று அவர் தன் லேப்டாப்பில் தட்டிக்கொண்டார். நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டரின் முகம்.

யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக் கணினியில் போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தின், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின், பராமரிப்பாளர் அவர். கணினி தூங்குவது, விழிப்பது தொடர்பாக எந்த நாட்டிலிருந்து புகார் வந்தாலும் அவர் தலையில்தான் விழும். சம்பளம் கிடையாது. அதனால் ஏன் என்று கேட்கவும் ஆள் கிடையாது.

அவளுடைய புகார் ஒரு வரிதான். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும். அவளுடையது நன்றாகத் தூங்குகிறது, விழிப்பதில்லை. எத்தனை பொத்தானை அழுத்தினாலும் கறுப்புத் திரை.

இரண்டு மாதமாக எழுதிப் பார்த்தாள். பழைய பதிப்பு, புதியதைப் போடுங்கள் என்று பதில் வந்தது. போட்டாள். மிகவும் புதிய பதிப்பு, பழையதைப் போட்டுப் பாருங்கள் என்று வந்தது. அதையும் செய்தாள். அப்புறம் லேப்டாப் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. எழுப்பி உட்கார வைத்தபோது ஒரு கடிதம் காத்திருந்தது: 'பதினான்கு நாட்களாகப் பயனரிடமிருந்து பதில் இல்லாததால் புகார் முடிக்கப்படுகிறது.'

மறுபடி புகார் கொடுத்தாள். அவர் இதே ஊர்க்காரர் என்று தெரிந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்துவிட்டாள்.

"வேலையைச் சேமிச்சுட்டு மூடலாமே?"

"சேமிச்சுட்டுத்தான் சார் மூடறேன். ஆனா ஓடிக்கிட்டிருக்கற கணக்கீடு போயிடுது. பதினெட்டு மணி நேரம் ஓடணும். ஆறு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிடறாங்க. அதைத் தூக்கிக்கிட்டு விடுதிக்கு வர்றதுக்குள்ள செத்துப் போயிடுது. இதுவரைக்கும் ஏழு தடவை. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கணும்."

"மூடினாலும் தூங்காதேன்னு சொல்ற வசதி இருக்கே."

"அதைப் போட்டாலும் தூங்குது சார்."

"அது வேற புகார். தனியாப் போடுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். "குடிம்மா. மாடி ஏறி வந்த பொண்ணு. குழாய் ஒழுகுதுன்னு நான் சொன்னாலே, 'நான் பாக்கறப்போ ஒழுகலையே'ன்னு சொல்ற மனுஷர் இவர்."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றவர் மாணவியிடம் திரும்பினார். "விஷயத்துக்கு வரேன். நாலு மணிக்குக் கூட்டம். புதுப் பதிப்பு வெளியாகணும். தூக்கம் சம்பந்தமா ஒரு புகார் முடிக்காம திறந்திருந்தாக்கூட வெளியிட மாட்டாங்க. சரிபண்ணிட்டு வான்னு என்னை உட்கார வச்சுடுவாங்க. இப்போ உங்களோடது ஒண்ணுதான் பாக்கி."

மாணவி டம்ளரைப் பார்த்தபடி சொன்னாள். "அப்போ... அது திறந்தே இருக்கட்டுமே சார். நாளைக்குள்ள சரியானாக்கூட நான் தப்பிச்சுடுவேன்."

அவர் கோபப்படவில்லை. பரிதாபப்பட்டார். தன் லேப்டாப்பை லேசாக அவள் பக்கம் திருப்பினார்.

"இது என்ன மாடல்?"

"என்னோடதேதான் சார்."

"இயங்குதளம்?"

"அதுவும் அதேதான்."

"நாலு வருஷமா ராத்திரி பகல் இதுலதான் வேலை செய்யறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எழுந்திரிக்க மாட்டேன்னு இது அடம் பிடிச்சிருக்குமா? இல்லவே இல்ல. அப்போ கோளாறு எங்கே இருக்கு?"

திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அறிவியல் படித்தவள் அவள். ஒரே மாடல், ஒரே இயங்குதளம், ஒன்று எழுகிறது, ஒன்று எழவில்லை. கண்ணெதிரே இருக்கிற சான்றை மறுக்க அவளுக்குத் தெரியாது.

"என்னோட லேப்டாப்லதான் போல" என்றாள்.

"அதேதான். கடையில காட்டுங்க. நான் முடிச்சா நாலு பேர் பேசுவாங்க, நீங்களே இங்க அழுத்திட்டா நல்லது."

'என் இயந்திரத்தின் கோளாறு. புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்றிருந்த இடத்தில் அழுத்தினாள். வெள்ளிக்கிழமை கையைவிட்டுப் போனது. "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுடுங்க சார்."

"பரவாயில்லம்மா. தெரியாமத்தானே செஞ்சீங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மணி பார்த்தார். "கூட்டத்துக்கு நேரமாச்சு."

லேப்டாப்புக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்து, அப்போதுதான் பிறந்த குழந்தையை எடுப்பதுபோல, திறந்தது திறந்தபடியே தூக்கினார். மனைவி சார்ஜர் ஒயரை அவர் தோளில் போட்டுவிட்டு, முன்னால் ஓடிக் கதவைத் திறந்தாள். அவர் பக்கவாட்டில் திரும்பி, படியைக் காலால் துழாவித் துழாவி இறங்க ஆரம்பித்தார்.

"அக்கா, சார் பையை மறந்துட்டுப் போறாரே" என்றாள் மாணவி.

"பையில வைக்கணும்னா மூடணுமேம்மா" என்றாள் அவர் மனைவி, ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு. "மூடினா எழுந்திரிக்காதுன்னு நாலு வருஷமா இப்படித்தான் ஏந்திக்கிட்டுப் போறார்."